டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு வாய்: பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் தலைமையாசிரியர் அவர்களுக்கும்,

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம் பிள்ளைகளின் டைரியில் ஒரு சுற்றறிக்கை ஒட்டி அனுப்பினீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் மூன்று உத்தரவுகள். மாணவர்கள் மதிய உணவை யாரோடும் பகிரக் கூடாது, அவரவர் பாக்ஸில் இருப்பதை அவரவர் மட்டுமே சாப்பிட வேண்டும். முட்டை, மீன், இறைச்சி கொண்டுவருபவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டியிருக்கும் பெஞ்சுகளில் தனியாக உட்கார வேண்டும். 'கடுமையான வாசனை' வரும் உணவைத் தவிர்க்க வேண்டும். காரணம் என்று கடைசியில் ஒரே ஒரு வரி: 'சுகாதாரம் மற்றும் பெற்றோர் சிலரின் வேண்டுகோளை முன்னிட்டு.'

நேரில் வந்து கேட்டேன், 'மேனேஜ்மென்ட் முடிவு' என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெற்றோர்–ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பேச எழுந்தேன், நேரமாகிவிட்டது என்று நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். காலாண்டுத் தேர்வும் முடிந்தாயிற்று. அதனால் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரைப் போடவில்லை. பிள்ளை இன்னும் அங்கேதான் படிக்கிறாள், அந்தப் பள்ளி மேல் எனக்கு மரியாதையும் இருக்கிறது. எந்தப் பள்ளி என்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

உங்கள் பள்ளி எங்கே இருக்கிறது என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். ராயபுரம் பக்கம். கிழக்கே கொஞ்ச தூரத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். தெற்கே மண்ணடி. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக இருக்கின்றன. அதைத் தாண்டினால் சௌகார்பேட்டை, மார்வாடிகளும் குஜராத்திகளும். மேற்கே வியாசர்பாடி, பர்மாவிலிருந்து திரும்பியவர்கள். பெரம்பூரில் ரயில்வேயை நம்பி வளர்ந்த ஆங்கிலோ இந்தியர்கள். தெலுங்கு பேசும் வீடுகளைச் சொல்லவே வேண்டாம். 1910இல் கட்டிய பார்சிக்காரர்களின் தீக்கோயில்கூட நம் ராயபுரத்தில்தான் இருக்கிறது. இப்போது பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் சேர்கிறார்கள். இத்தனை வீட்டு அடுப்பும் மத்தியானம் 12.40க்கு ஒரே கூரையின் கீழ் வந்து சேர்கிறது. எத்தனையோ பள்ளிகளுக்குக் கிடைக்காத பாக்கியம் இது. இதைத்தான் பெஞ்சு போட்டுப் பிரித்திருக்கிறீர்கள்.

போன வருஷம் வரை அங்கே என்ன நடந்தது என்று உங்கள் யாருக்காவது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். சாப்பாட்டு நேரத்தில் மேல்மாடி அறையிலிருந்து இறங்கி வந்தவர்களை நான் பார்த்ததில்லை. என் மகளின் வகுப்பில் பிள்ளைகளே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பாக்ஸைத் திறந்ததும், கை வைப்பதற்கு முன்பே, மூடியைத் திருப்பிப் போட்டு அதில் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட வேண்டும். அந்த மூடி வரிசையில் போகும். கை வைத்துச் சாப்பிட்டதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் எச்சில், யாரும் வாங்க மாட்டார்கள். இதை எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒவ்வொரு வீட்டிலும் பாட்டிமார் போட்ட சத்தம் அது. காக்காக் கடி கடித்து மிட்டாய் பங்கு போட்ட எங்கள் தலைமுறையைவிட இந்தப் பிள்ளைகள் எவ்வளவோ சுத்தம்.

அந்த மூடிகளில் என்னென்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கொண்டுவரும் பையன் ஒருவன். அத்தோவைக் கலந்து கொண்டுவந்தால் ஊறிக் கொழகொழத்துப் போகும் என்பதால் அவன் பாட்டி தனித்தனியாகக் கட்டிக் கொடுப்பார். பெரிய டப்பாவில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மேலே பொடியாகச் சீவிய பச்சை முட்டைக்கோஸ். சின்ன டப்பா ஒன்றில் பொன்னிறமாக வறுத்த வெங்காயமும் நொறுக்கிய தட்டையும். இன்னொன்றில் பூண்டு வறுத்த எண்ணெய். மருந்துக் குப்பி ஒன்றில் புளித்தண்ணீர். காகிதப் பொட்டலத்தில் வறுத்து இடித்த மிளகாய். பையன் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் கொட்டிப் பிசைவான். அவன் பிசைந்து முடிக்கும்வரை மற்ற பிள்ளைகள் தங்கள் பாக்ஸைத் திறக்காமல் காத்திருப்பார்களாம். என் மகள் வீட்டுக்கு வந்து அந்த வறுத்த வெங்காயத்தின் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவாள்.

அவள் நச்சரிப்பு தாங்காமல் அந்தப் பாட்டியைத் தேடிப் போனேன். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, 1964இல் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். 1962இல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததும், அடுத்து கடைகண்ணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும், லட்சக்கணக்கான இந்தியர்கள் போட்டது போட்டபடி வந்ததும் நாம் எங்கேயாவது இரண்டு வரியில் படித்திருப்போம். பாட்டி அதை மொய்ங்காவில் ஆரம்பித்துச் சொன்னார். ரங்கூனில் மொய்ங்கா என்றால் மீன் போட்டுக் கொதித்த குழம்பு, அதில் வாழைத்தண்டும் கிடக்கும். இங்கே தள்ளுவண்டிக்கு வந்தபோது மீனை விட்டுவிட்டு வாழைத்தண்டு சூப்பாக்கிவிட்டார்கள். அத்தோவில் அங்கே கூனி இறால் பொடி தூவுவார்கள், இங்கே அந்த இடத்தைத் தட்டை பிடித்துக்கொண்டது. 'கையில காசில்ல, இருந்ததை வச்சு செஞ்சோம்' என்றார். பர்மா பஜார் வாசலில் நின்று எத்தனையோ முறை அத்தோ சாப்பிட்டிருக்கிறேன். இதெல்லாம் எனக்குத் தெரியாது. என் மகள் மூடியில் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டதால்தான் தெரிந்தது.

பீகாரிலிருந்து வருஷ நடுவில் வந்து சேர்ந்த பையனைப் பற்றி வகுப்பு ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள். தமிழ் ஒரு வார்த்தை வராது. சில வாரம் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தானாம். ஒருநாள் லிட்டி கொண்டுவந்தான். கோதுமை மாவு உருண்டைக்குள் வறுத்த கடலை மாவு, ஓமம், பச்சை மிளகாய், ஊறுகாய் மசாலா, கடுகெண்ணெய் எல்லாம் பிசைந்து அடைத்து, சுட்டு எடுப்பது. கூடவே சுட்ட கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் மசித்த சோக்கா. பார்க்கக் கல் மாதிரி இருக்கிறதே என்று ஒருத்தி உடைத்துப் பார்த்திருக்கிறாள். உள்ளே இருந்த மாவு சிந்தி எல்லோரும் சிரிக்க, அவனும் சிரித்திருக்கிறான். அப்புறம் 'இது என்ன', 'இன்னும் வேணும்', 'காரம்' என்று அவனுடைய தமிழ் அந்தப் பெஞ்சில்தான் ஆரம்பித்தது. இப்போது அவனும் பேசுகிறான், ஆனால் லிட்டி வருவதில்லை. சுற்றறிக்கையை யாரோ அவன் அப்பாவுக்கு இந்தியில் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். 'வேறு மாதிரி சாப்பாடு கொண்டுவந்தால் பிரச்சினை' என்று அவர் புரிந்துகொண்டார். சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இனி, 'பெற்றோர் சிலரின் வேண்டுகோள்'. நீங்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், சௌகார்பேட்டை ஜெயின் வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று ஆபீஸ் ரூமில் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் தொடாத வீடு. மண்ணுக்கடியில் விளைவதைப் பிடுங்கினால் செடியும் சாகும், அதை ஒட்டியிருக்கும் உயிர்களும் சாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த வீட்டுப் பெண் ஒருத்தி என் மகளுக்கு உயிர்த்தோழி. அவளுக்காகவே மாதத்தில் சில நாள் வெங்காயம் போடாமல் பெருங்காயத்தைத் தூக்கலாகப் போட்டு சாம்பார் வைக்கிறேன். 'அம்மா, இன்னிக்கு மூடியில கேரட் வராம பாத்துக்கோ' என்று என் மகள்தான் எனக்கு உத்தரவு போடுவாள். மகாவீரர் எதைத் தடுத்தார் என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது அவளுக்கு அது பரீட்சைக்கான கேள்வி. தோழி எதைச் சாப்பிட மாட்டாள் என்பது மட்டும் தலைகீழ்ப் பாடம்.

அந்தத் தோழியின் அம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன், நீங்கள் புகார் கொடுத்தீர்களா என்று. இல்லை என்றார். அவர் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை தெரியாமல் எதையும் சாப்பிட்டுவிடக் கூடாது. 'என்ன போட்டிருக்கு என்று சொல்லிவிட்டால் போதும், என் பெண்ணே பார்த்துக்கொள்வாள்' என்றார். அவர் அனுப்பும் கட்டா கறிக்கு எங்கள் வீட்டில் ஏக கிராக்கி. கடலை மாவைப் பிசைந்து விரல் மாதிரி உருட்டி, வெந்நீரில் வேகவைத்துத் துண்டு போட்டு, தயிர்க் குழம்பில் கொதிக்க விடுவது. காய்கறி கிடைக்காத பாலைவனத்தில் பருப்பு மாவையும் மோரையும் வைத்தே குழம்பு வைத்த சாமர்த்தியம். கேர், சாங்ரி என்று காயவைத்த காட்டுக் காய்களில் ஒரு பொரியலும் அனுப்புவார். நம் வீட்டு வற்றல்களோடு வைத்தால் அண்ணன் தம்பி என்று சொல்லலாம். இப்போது அந்தப் பெண்ணை 'சைவ வரிசை'யில் உட்கார வைத்திருக்கிறீர்கள். முட்டை கொண்டுபோகும் நாளில் என் மகள் தொட்டிப் பக்கம். நாலு வருஷமாகச் சேர்ந்து சாப்பிட்ட பிள்ளைகள் கூடத்தின் இரண்டு மூலையிலிருந்து ஒருவரையொருவர் எட்டிப் பார்க்கிறார்கள். இதை எந்த ஜெயின் அம்மா கேட்டார்?

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. ஆகஸ்டில் சமூக அறிவியலுக்கு ஒரு புராஜெக்ட் கொடுத்தீர்கள். 'இந்தியாவின் உணவுப் பண்பாடுகள்', எட்டு மாநிலம், சார்ட் பேப்பரில் படம் ஒட்டி வர வேண்டும், கலர் பிரிண்ட் கட்டாயம். ராத்திரி எட்டு மணிக்கு ஜெராக்ஸ் கடையில் பெற்றோர் வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் குஜராத்தி. தமிழ்நாட்டுக்கு இட்லிப் படம் தேடிக்கொண்டிருந்தார். நான் குஜராத்துக்கு டோக்ளா படம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டு டோக்ளாவை என் மகள் போன வருஷம் வரை செவ்வாய்க்கிழமைதோறும் சாப்பிட்டிருக்கிறாள். ஒரு படம் பத்து ரூபாய் என்று கொடுத்து வாங்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்குப் போனோம். அந்த சார்ட்டுகளை நீங்கள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறீர்கள், 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று தலைப்புப் போட்டு. அதற்குக் கீழேதான் இந்த இரண்டு வரிசையும்.

சுகாதாரத்துக்கு வருகிறேன். 2020இல் பள்ளிகளை மூடி, பிறகு 2021 கடைசியில் சின்ன வகுப்புகளைத் திறந்தபோது பகிர்ந்து சாப்பிட வேண்டாம் என்று சொன்னீர்கள். ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டோம். அது நோய்க்காலம். அது முடிந்து பழையபடி பகிர்ந்து சாப்பிடவும் ஆரம்பித்தார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இப்போது எந்த நோய்க்காக? நான் உணவு நிபுணர் இல்லை, விடிகாலையில் எழுந்து டப்பா கட்டி அனுப்பும் ஆள். ஆறரைக்கு மூடிய டப்பா ஆறு மணி நேரம் கழித்துத் திறக்கப்படும் என்று எனக்குத் தெரியும். வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னி அனுப்ப மாட்டேன், சோற்றை ஆறவிட்டுத்தான் மூடுவேன். எல்லா அம்மாக்களும் அப்படித்தான். அந்தச் சோறு கெட்டுப்போயிருந்தால் முதலில் படுப்பது என் பிள்ளை, அடுத்த பிள்ளை இல்லை. வீட்டுப் பக்குவத்தைச் சந்தேகப்படும் நீங்கள், சாப்பாட்டுக் கூடத்துக் குழாய்களில் பாதி ஏன் வறண்டு கிடக்கிறது என்று பார்த்தீர்களா? சோப்பு வைக்கும் தட்டில் சோப்பைப் பார்த்ததாக என் மகளுக்கு ஞாபகமே இல்லை. சுகாதாரம் அங்கிருந்து ஆரம்பித்தால் நானே வந்து கைகொடுப்பேன்.

பள்ளி கேன்டீனையும் சொல்ல வேண்டும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமான பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே விதி போட்டிருக்கிறது. உங்கள் கேன்டீனில் பாக்கெட் சிப்ஸ் இருக்கிறது, கலர் பானம் இருக்கிறது, காலையில் பொரித்து மத்தியானம் விற்கும் பஃப்ஸ் இருக்கிறது. இதை வாங்கி நாலு பேர் பங்கு போட்டுத் தின்றால் யாரும் கேட்பதில்லை. காசிமேட்டில் காலையில் வந்த மீனில் செய்த புட்டுக்குத்தான் தடை.

ஒவ்வாமை உண்மையான ஆபத்து. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வேர்க்கடலை, முட்டை, பால், இறால் என்று சில பிள்ளைகளுக்கு ஒரு துணுக்கு பட்டாலே உதடு வீங்கும், மூச்சு முட்டும். என் மகள் வகுப்பில் வேர்க்கடலை ஆகாத பையன் ஒருவன் உண்டு. பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும், அவன் பக்கம் அந்த மூடி போகாது. ஆனால் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குத் தெரியாது, நான் கேட்டேன். புதிதாக வந்த ஆசிரியைக்கும் தெரியாது. கேன்டீனில் கடலை மிட்டாய் விற்பதும் நிற்கவில்லை. பகிர்வதை நிறுத்தியதால் அந்தப் பையனுக்கு என்ன பாதுகாப்பு கிடைத்துவிட்டது? யாருக்கு எது ஆகாது என்று எழுதிய ஒரு பட்டியல் இருந்தால் போதும், இந்தச் சுற்றறிக்கையைவிட அது அவனை நன்றாகக் காக்கும்.

எனக்குத் தாங்க முடியாதது தொட்டிப் பக்கத்துப் பெஞ்சுதான். அங்கே போகிற பிள்ளைகள் பெரும்பாலும் யார் என்று எட்டிப் பார்த்தாலே தெரியும். காசிமேட்டுப் பிள்ளைகள், மண்ணடிப் பிள்ளைகள், வியாசர்பாடிப் பிள்ளைகள். மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் சுறாப்புட்டு கொண்டுவருவான். சுறாவை வேகவைத்துத் தோலுரித்து, முள் ஒன்றுகூட இல்லாமல் உதிர்த்து, மஞ்சள் போட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நிறைய வதக்கிக் கிளறுவது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கும் பத்திய உணவு. மீன் வாசனையே பிடிக்காத என் மகள் முதல் தடவை அதை முட்டைப் பொரியல் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, தெரிந்த பிறகும் இன்னொரு கரண்டி வாங்கியிருக்கிறாள். அவனுடைய அம்மா விடியும் முன்பே ஏலத்துக்குப் போய்விட்டு வந்து சமைத்துக் கொடுத்தது அது. இப்போது அவன் பாக்ஸில் தினமும் லெமன் சாதம். 'மீன் எடுத்துட்டுப் போனா தொட்டிகிட்ட உக்கார வைப்பாங்க, வேணாம்' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். தன் வீட்டுச் சாப்பாட்டை மறைக்க வேண்டும் என்று பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது உங்கள் சுற்றறிக்கை.

தனிப்பந்தி இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். அங்கேயும் சொன்ன காரணம், அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பதுதான். ஐயர் தேசத்துக்காக எவ்வளவோ இழந்தவர், கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. 1924–25இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே அந்தப் பந்தி ஆட்டிவைத்தது. பாடப்புத்தகத்தில் இதைப் படித்து வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்?

இதே நகரத்தில்தான் 1920இல் மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தது. அப்போது மாநகராட்சிக்குத் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். அவர் பெயரில் இருக்கும் கல்லூரி நம் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. காமராஜர், எம்.ஜி.ஆர். காலத்தைத் தாண்டி, 1989இல் கலைஞர் ஆட்சியில் சத்துணவுத் தட்டில் முட்டையும் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் அரசுப் பள்ளியில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். முட்டைப் பிள்ளையும் வாழைப்பழப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். கட்டணம் வாங்கும் உங்கள் பள்ளியில் அது ஏன் முடியாமல் போனது?

'கடுமையான வாசனை' என்பதற்கும் அளவு சொல்லுங்கள். யார் மூக்குக்குக் கடுமை? பெருங்காயம் கடுமையில்லையா, மாங்காய் ஊறுகாய் கடுமையில்லையா? புளிச்சக்கீரைப் பச்சடிக்குத் தாளித்த பூண்டு அடுத்த தெரு வரை வரும். சிங்கப்பூரில் 2011இல் இப்படி ஒரு விவகாரம் வெளியே வந்தது. புதிதாகக் குடிவந்த சீனக் குடும்பம் ஒன்று பக்கத்து இந்திய வீட்டுக் கறி வாசனை தாங்கவில்லை என்று சமரச மையத்துக்குப் போக, அவர்கள் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டிருந்தது. பதிலுக்கு அவர்கள் கேட்டது, ஒரு தடவை எங்கள் கறியைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்பதுதான். செய்தி பரவியதும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை அன்று வேண்டுமென்றே கறி சமைத்துப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். தமிழர் சிறுபான்மையாக இருக்கும் ஊரில் நமக்காக மற்றவர்கள் அடுப்பு மூட்டினார்கள். நாம் பெரும்பான்மையாக இருக்கும் ஊரில் நாம் மூக்கைப் பிடிக்கிறோம்.

ஆண்டு விழாவை ஒட்டி நடக்கும் உணவுத் திருவிழாவும் இந்த வருஷம் கேட்டரிங்காரர் கையில் என்று கேள்விப்பட்டேன். போன முறை அங்கே பெரம்பூர் வீடு ஒன்றிலிருந்து தேங்காய்ப்பால் மஞ்சள் சோறும், கோலா உருண்டை போட்ட குழம்பும், வெங்காயத்தையும் மிளகாயையும் வினிகரில் அரைத்த டெவில் சட்னியும் வந்தது. மண்ணடியிலிருந்து தக்கடி வந்தது, ஆட்டுக்கறிக் குழம்பில் வெந்த அரிசி மாவு உருண்டை. கேட்டரிங்காரர் பன்னீர் பட்டர் மசாலாவும் நூடுல்ஸும் கொண்டுவருவார். அது எல்லாக் கல்யாண ரிசப்ஷனிலும் கிடைக்கிறது, அதற்குப் பள்ளி எதற்கு?

நான் கேட்பவை இவை. தனி வரிசை உத்தரவை எழுத்து மூலமாக ரத்து செய்யுங்கள். பிள்ளைகளின் டைரியில் எப்படி ஒட்டி அனுப்பினீர்களோ அப்படியே ரத்தையும் ஒட்டி அனுப்புங்கள். தொட்டிப் பக்கம் உட்கார்ந்த பிள்ளைகள் அதைத் தங்கள் கண்ணால் படிக்க வேண்டும். 'கடுமையான வாசனை' என்ற வரியை எடுத்துவிடுங்கள். பீகார், ஒடிசா பெற்றோருக்கு அவர்கள் மொழியில் யாரையாவது வைத்துச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

பகிர்ந்து சாப்பிடுவதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கே விடுங்கள். வேண்டாம் என்கிற பிள்ளையை யாரும் வற்புறுத்தக் கூடாது என்பதையும், கை வைப்பதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும் என்பதையும் விதியாகவே போடுங்கள், வரவேற்கிறேன். யாருக்கு எது ஆகாது, எந்த வீட்டில் எது சாப்பிட மாட்டார்கள் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கி, அந்தப் பட்டியலை வகுப்பாசிரியரிடமும் ஆயாவிடமும் கொடுங்கள். கேன்டீனிலும் அதே பட்டியலைப் பார்த்து விற்கச் சொல்லுங்கள், 2020 விதியை அங்கே அமல்படுத்துங்கள். குழாய்களைச் சரிசெய்து சோப்பு வையுங்கள். சோப்புக்குப் பணம் இல்லையென்றால் பெற்றோர்–ஆசிரியர் கழகத்தில் வசூலித்துத் தருகிறோம்.

உணவுத் திருவிழாவைக் கேட்டரிங்காரரிடமிருந்து எடுத்து வீடுகளுக்கே கொடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் என்னென்ன போட்டுச் செய்தது என்று ஒரு துண்டுச் சீட்டு வைக்கச் சொல்லுங்கள். அதை எழுதி வாங்குவது, அடுக்குவது, பரிமாறுவது எல்லாவற்றுக்கும் அம்மாக்கள் சிலர் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறார்கள், அத்தோ பாட்டி உட்பட.

இந்த மாதக் கடைசிக்குள் பெற்றோர்–ஆசிரியர் கழகக் கூட்டத்தைக் கூட்டி, இதை முதல் பொருளாக வையுங்கள், நன்றியுரைக்கு முன்னால். முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். அதுவரை முட்டை கட்டிக் கொடுக்கும் நாளிலும் என் மகளைத் தன் தோழி பக்கத்திலேயே உட்காரச் சொல்லி அனுப்பப் போகிறேன். தோழியின் அம்மாவிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். அதற்காக அவளைத் தண்டிக்க வேண்டாம், கேட்க வேண்டியதை என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா
ராயபுரம், சென்னை